கிட்டி இல்லாமல் திரும்பிய டொலீனா

டொலீனா மெக்காஸ்கில் சால்மன் பண்ணைக் கொட்டகையில் மீன் வயிறு கீறுகிறவள். ரப்பர் பூட்ஸும் ரப்பர் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, விறைத்த விரல்களோடு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று செய்கிற வேலை. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. அகலமான தோள், அறை அதிரச் சிரிக்கிற சுபாவம். டன்னிஷ் மாதிரிச் சின்ன ஊரில் அவளைப் பற்றித் தனியாகப் பேச ஒன்றும் இருந்திருக்காது. ஒரு பாய்ப்படகை வாங்கி வந்தாள், பேச்சுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று.

எங்கள் கரையில் படகு அதிசயம் இல்லை. கடலுக்கடியில் கயிறு கட்டி நண்டுக்கூடு போடுகிறவனிடம் இருக்கும், வெளித்தீவுகளில் ஆடு விட்டிருக்கிறவனிடம் இருக்கும். வேலை எதுவும் இல்லாமல், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கென்று ஒரு பெண்பிள்ளை படகு வைத்திருப்பதுதான் அதிசயம். காரின் பின்னால் ட்ரெய்லரில் கட்டி இழுத்துப் போகிற சின்னப் படகு அது. அடியிலிருக்கும் இரும்புப் பலகையை மேலே தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். முன்பக்கம் நாய்க்கூண்டு அளவில் ஓர் அறை. அதில் இரண்டு பேர் படுக்கலாம், ஒருத்தி புரண்டால் மற்றவளும் புரள வேண்டும். அதற்குக் கிட்டி என்று பெயர் வைத்தாள்.

படகு விடக் கற்றுக்கொண்டதும் அவளாகவேதான். முதல் கோடையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சபையில் கூட்டம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்து நிற்கிற நேரமாகப் பார்த்துப் படகைக் கவிழ்த்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். பாய்த்துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றபோது போதகர் முதற்கொண்டு எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்குக் கையசைத்தாள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனாள். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு யூயிஸ்ட், பார்ரா என்று பக்கத்துத் தீவுகளுக்குப் போய், அங்கங்கே படகை இறக்கி, ஆளில்லாத தீவுகளின் மணலில் ஏற்றி நிறுத்தி, அதற்குள்ளேயே தூங்கி எழுந்து வருவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஓய்வுநாள், அன்று மட்டும் பாய் விரிக்க மாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் ஊராருக்கு அவள் மேல் குறை சொல்ல வழியில்லை.

அவள் புருஷன் லாக்லன் அந்தப் படகைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. கவுன்சிலில் ரோட்டு வேலை. குளிர்காலத்தில் உறைந்த சாலைகளில் உப்புத் தூவுகிற லாரி ஓட்டுவான். பேச்சு குறைவு. வாலிபத்தில் அவனும் அண்ணன் யூவனும் நண்டுக்கூடு இறக்கப் போன ஒரு காலையில், ஓடுகிற கயிறு யூவனின் காலைச் சுற்றிக்கொண்டது. கூடோடு அவன் தண்ணீருக்குள் போனதை லாக்லன் படகில் நின்று பார்த்தான். தனியாகப் படகைக் கரை சேர்த்தவன்தான், அதன்பின் எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை. பெருநிலத்துக்குப் போகவேண்டி வந்தால் ஃபெர்ரியில் ஜன்னல் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்க மாட்டான். டொலீனா புறப்படுகிற நாட்களில் காரைப் பின்னோக்கி ஓட்டி ட்ரெய்லரைச் சரிவில் இறக்கிக் கொடுப்பது மட்டும் அவன் வேலை. பின்சக்கரம் நனைந்ததும் இறங்கி, எந்தத் தீவு என்று ஒரு தடவை கேட்பான். அவள் சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

அந்த ஜூலையில் அவள் சொன்ன தீவு லிங்கே.

கூடப் போனவள் எஃபி, லாக்லனின் தங்கை. ஊர்க்கடையில் கல்லாவில் உட்காருகிறவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், கடைக்கு வருகிற யாரையும் ஒரு குத்தல் வார்த்தை இல்லாமல் அனுப்ப மாட்டாள். இரண்டு கோடையாக அண்ணன் பெண்டாட்டியோடு கிட்டியில் போய்வருகிறாள். பாய் பற்றி அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கேட்டால், நான் சமையலுக்கு வந்தவள் என்பாள். சமையல் என்றால் ஓட்ஸ் ரொட்டியும் டின் சூப்பும்தான்.

லிங்கேயை நெருங்கியபோது காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. அங்கிருக்கிற ஒரே துறைக்குள் அலை நேராகப் புகுந்தது. அங்கே ராத்தங்கினால் தூக்கம் வராது என்று டொலீனா இன்னும் மேற்கே, ஸ்கார்வே தீவுக்குப் படகைத் திருப்பினாள். அதன் கிழக்குப் பக்கம் வெள்ளை மணல் வளைகுடா ஒன்று உண்டு. எந்த வடக்கு மேற்குக் காற்றும் அங்கே எட்டாது. இடம் மாறியதை லாக்லனுக்கு மெசேஜில் அனுப்பினாள். அனுப்பும் குறி சுற்றிக்கொண்டிருந்தது. பாய்க்கயிற்றை இழுக்க வேண்டியிருந்ததால் போனை அறைக்குள் தட்டில் வைத்துவிட்டாள். திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. காற்று மேற்கிலிருந்து, தீவின் முதுகைத் தாண்டி, கொஞ்சம் வேகமாகவே வீசியது. கிட்டியை நங்கூரத்தில் நிறுத்திவிட்டு, காற்றடித்த ரப்பர் தோணியில் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். ஃபிளாஸ்கில் டீ, இரண்டு ரொட்டி. மேற்குச் செங்குத்துப் பாறையில் பஃபின் பறவைகளைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவது திட்டம். பறவைகளைப் பார்த்தார்கள். எஃபி ஒரு பறவையைக் காட்டி, போதகரின் மூக்கு என்று சொல்லி டொலீனாவைச் சிரிக்க வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பக் குன்றின் உச்சிக்கு ஏறினார்கள்.

மேலே வந்ததும் எஃபி நின்றாள்.

"டொலீ, நம்ம படகு அந்தக் கறுப்புப் பாறைக்கு இந்தப் பக்கந்தான நின்னுச்சு?"

"ஆமா."

"இப்ப அந்தப் பக்கம் நிக்குதே."

டொலீனா பார்த்தாள். கிட்டி நிற்கவில்லை. வளைகுடாவின் வாயில் பக்கவாட்டாகத் திரும்பி, யாரோ கைபிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி, நிதானமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பாய் சுருட்டியபடி இருந்தது. காலையில் காயப்போட்ட அவளுடைய டவல் கம்பியில் ஆடியது. நங்கூரக் கயிறு அறுந்ததா, முடிச்சு விட்டதா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

அவள் ஓடினாள். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. புல்லில் விழுந்து, எழுந்து, மணலில் கிடந்த தோணியை இழுத்துத் தண்ணீரில் தள்ளி ஏறிவிட்டாள். மணலில் கழற்றிப் போட்டிருந்த மிதவைச் சட்டையை மாட்டவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. துடுப்பை வலிக்க வலிக்கக் காற்றும் பின்னாலிருந்து தள்ள, தோணி பறந்தது. முதலில் இடைவெளி குறைந்தது. கிட்டியின் பின்பலகையில் அவளே தீட்டிய எழுத்துகளைப் படிக்க முடிந்தது. பாறை மறைப்பைத் தாண்டியதும் கிட்டியை முழுக் காற்றும் பிடித்துக்கொண்டது. எழுத்துகள் மறுபடி சிறுத்தன. டொலீனா இன்னும் வலித்தாள். எதேச்சையாகத் தலையைத் திருப்பியவள் கரையைப் பார்த்தாள். எஃபி விரல் உயரத்துக்கு நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் அவள் துடுப்பை நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் படகும் கிடைத்திருக்காது, கரையும் கிடைத்திருக்காது.

திரும்பி வந்தது எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காற்றுக்கு எதிரே அந்த ரப்பர் தோணி ஒரு முழம் முன்னே போனால் முக்கால் முழம் பின்னே வந்தது. கடைசியில் நேரே வருவதை விட்டுவிட்டு, தெற்கு முனைப் பாறைக்குக் குறுக்கே வலித்துப் போய்க் கடற்பாசியைக் கையால் பிடித்துத் தொங்கினாள். பாறை மேலே ஓடி வந்த எஃபி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்து மேலேற்றினாள். ஏறியதும் தோணியின் கயிற்றை வாங்கித் தன் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே இந்த டியூப்ல நீ கால வச்சுப் பாரு. நானே குத்திக் காத்த எறக்கிடுவேன்."

டொலீனா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டி ஒரு வெள்ளைப் புள்ளியாகிக் கிழக்கே போயிற்று. போன் அதற்குள், ரேடியோ அதற்குள், ஸ்வெட்டர், சூப் டின்கள், மழைச்சட்டை எல்லாம் அதற்குள்.

ஸ்கார்வேயில் ஆள் குடியிருந்து நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆனால் ஆடுகள் உண்டு. கம்பளி கத்தரிக்க வருகிறவர்கள் ஒதுங்குவதற்குத் தகரக் கூரை போட்ட கல்கொட்டில் ஒன்று இருந்தது. உள்ளே பழைய கெட்டில், ஒரு டின்னின் அடியில் கொஞ்சம் தேயிலை, மூலையில் நாறிப்போன கம்பளி மூட்டை. நெருப்புக்கு என்ன செய்வது என்று டொலீனா யோசித்துக்கொண்டிருக்கும்போது, எஃபி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைக்குள் கைவிட்டு சிகரெட் பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்தாள். அண்ணனுக்குத் தெரியாது என்றாள்.

"உங்க அண்ணனுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குடி," என்றாள் டொலீனா.

கரையில் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி எரித்தார்கள். பாறையில் ஒட்டிக்கிடந்த சிப்பிகளைக் கல்லால் தட்டிப் பெயர்த்துக் கெட்டிலில் வேகவைத்துத் தின்றார்கள். மெல்ல மெல்ல ரப்பராகத்தான் இருந்தது. குன்றின் மேல் ஈரப்பாசியைப் போட்டுப் புகை கிளப்பினார்கள். லாக்லனுக்கு நாம் இருக்கிற இடம் தெரியும், மெசேஜ் போட்டிருக்கிறேன் என்று டொலீனா சொல்லிக்கொண்டேயிருந்தாள். எஃபி முதலில் சும்மா கேட்டாள். அப்புறம் ஒரே ஒரு தடவை, அது போச்சா என்று கேட்டாள். டொலீனாவுக்கு அந்தச் சுற்றிக்கொண்டிருந்த குறி கண்முன்னே வந்தது. அதன்பிறகு மெசேஜைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் கிழக்கே வெகு தூரத்தில் ஹெலிகாப்டர் ஒன்று தெரிந்தது. லிங்கேயின் மேலே வட்டமடித்தது, தாழப் போயிற்று, மறுபடி வட்டமடித்தது. இரண்டு பேரும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாவம், யாரையோ தேடுறாங்க," என்றாள் எஃபி.

டொலீனாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு எஃபியின் கையைப் பிடித்தாள்.

"நம்மளத்தான்டி."

எஃபி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை டொலீனா மறக்கவில்லை. படகு இல்லை, அவ்வளவுதான் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆளே இல்லை என்று வேறு யாரோ நினைக்கக்கூடும் என்பது அவர்கள் புத்தியில் ஏறியிருக்கவில்லை. ஓடி ஓடிப் பாசியை அள்ளி நெருப்பில் போட்டார்கள். புகை எழும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. சாயங்காலம் அதே ஹெலிகாப்டர் அவர்கள் தலைக்கு மேலேயே வந்தது. சத்தம் மார்பெலும்பில் அதிர்ந்தது. கத்தினார்கள், குதித்தார்கள், மிதவைச் சட்டையைச் சுழற்றினார்கள். வெள்ளைப் பஞ்சைத் தவிர மேலே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பனிதான். கொட்டிலுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சபை மணி அடிக்கிற நேரம் இருக்கும் என்று தோன்றியபோது எஃபி தாழ்ந்த குரலில் ஒரு சங்கீதம் எடுத்தாள். டொலீனாவால் கூடப் பாட முடியவில்லை. சபையில் லாக்லன் உட்காருகிற பெஞ்சு, பக்கத்தில் தான் உட்காருகிற இடம், அதுதான் நினைப்பில் வந்தது. அந்த நேரத்தில் லாக்லன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன். அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பனி விலகியதும் முதலில் நாய்கள் குரைத்தன. கம்பளி கத்தரிக்க யூயிஸ்டிலிருந்து ஃபெர்கஸ் என்பவர் தன் படகில் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், சிவந்த முகம். மணலில் இறங்கியவர், கொட்டிலிலிருந்து வெளியே வந்த இரண்டு பெண்களையும் பார்த்ததும் நடந்த காலை அப்படியே நிறுத்தினார். நாய்கள் மட்டும் ஓடிவந்து முகர்ந்தன.

"நீங்க டன்னிஷ்காரங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஆமாம் என்றாள் டொலீனா.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். "நேத்து எங்க சபையில உங்களுக்காக எல்லாரும் எந்திரிச்சு நின்னோம்மா," என்றார்.

லிங்கேயின் தெற்குப் பாறைத்திட்டில் கிட்டி வயிறு கிழிந்து கிடந்ததை ஒரு நண்டுக்காரர் பார்த்துச் சொன்னதாகவும், இரண்டு நாள் தேடிவிட்டு நேற்றுச் சாயங்காலத்தோடு தேடலை நிறுத்திவிட்டதாகவும் அவர்தான் சொன்னார். டொலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. எஃபி அவள் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நின்றது.

படகில் ஏறி ஃபெர்கஸின் ரேடியோவில் கடலோரக் காவலைக் கூப்பிட்டார்கள். எதிரே ஒரு பெண்குரல். டொலீனா தன் பெயரையும் எஃபி பெயரையும் சொன்னாள். திரும்பச் சொல்லச் சொன்னது அந்தக் குரல். திரும்பச் சொன்னாள். இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண், அம்மா கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றாள். டொலீனா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு விடியக்காலையில பக்கத்து வீட்டு நண்டுப் படகை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிருக்கார். கையில ரேடியோ இல்ல. மிதவைச் சட்டையும் எடுக்கல. எங்க போனார்னு யாருக்கும் தெரியல. உயிர்காப்புப் படகு இப்பத்தான் கிளம்புது."

"யாரு?" என்றாள் டொலீனா.

"லாக்லன் மெக்காஸ்கில்."

"அவர் இல்ல. வேற யாரையோ சொல்றீங்க. அவர் படகுல ஏற மாட்டார்."

அந்தக் குரல் பொறுமையாக மறுபடி அதையே சொன்னது. எஃபி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது, அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். லிங்கேக்கு விடுங்க என்றாள் டொலீனா. அவள் கடைசியாக அவனிடம் சொன்ன பெயர் அதுதான். ஃபெர்கஸ் நாய்களைக்கூட ஏற்றாமல் படகைத் திருப்பினார்.

லிங்கேக்கும் டன்னிஷுக்கும் நடுவில் இரண்டு முனைகளுக்கிடையே ஒரு நீர்வழி இருக்கிறது. மேற்குக் காற்றும், வடிந்து வெளியே ஓடுகிற வற்று நீரும் எதிரெதிரே முட்டினால் அங்கே தண்ணீர் சுவர்போல நின்று எழும்பும். இந்தக் கரையில் பிறந்தவன் எவனும் அந்த நேரத்தில் அதில் நுழைய மாட்டான். அன்று விடியற்காலை அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஃபெர்கஸுக்கும் தெரியும், டொலீனாவுக்கும் தெரியும். டொலீனா முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதக்கிற எதைப் பார்த்தாலும் அது அவனாகத் தெரிந்தது. ஒரு நீர்நாய் தலை, ஒரு மிதவைப் பந்து, ஒரு பலகை.

லிங்கேயின் துறை திறந்ததும் நண்டுப் படகு தெரிந்தது. கூழாங்கல் கரையில் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. எஞ்சினைத் தூக்கிக்கூட வைக்காமல் அப்படியே மோதவிட்டிருக்கிறான். அதற்கு அப்பால், அலை ஒதுக்கிய பாசிக் குவியல் ஓரமாக, ஒருவன் குனிந்து நடந்துகொண்டிருந்தான்.

லாக்லன்தான். கையில் ஆடு மேய்க்கிற கம்பு. அதைப் பாசிக்குள் செருகிப் புரட்டுவான், குனிந்து பார்ப்பான், இரண்டடி நகர்வான், மறுபடி செருகுவான். அக்குளில் வெள்ளையாக ஏதோ மடித்து இடுக்கியிருந்தான். படகு கிட்டே போனதும் அது என்னவென்று டொலீனாவுக்குத் தெரிந்தது. அவர்கள் கட்டிலில் விரிக்கிற விரிப்பு.

அண்ணன் யூவன் கிடைத்தது இப்படி ஒரு பாசிக் குவியலுக்கு அடியில்தான். கண்டெடுத்தவனும் லாக்லன்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அதை அவளிடம் சொல்லியிருந்தான். இப்போது அவளுடைய உடம்பைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தன் பிணத்தைத் தேடுகிற புருஷனைத் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாள்.

"லாக்லன்!"

அவன் நிமிரவில்லை. கம்பைச் செருகிப் புரட்டினான். அவள் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். எஃபியும் கூப்பிட்டாள். அவனுக்கு நன்றாகக் கேட்கிற தூரம்தான். படகு நிற்பதற்கு முன்பே டொலீனா குதித்து, மார்பளவுத் தண்ணீரில் நடந்து, கல்லில் தடுமாறி ஏறிப் போய் அவனுக்கு முன்னால் நின்றாள். அவன் பார்வை அவள் கால்களில் நின்றது.

"காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டேதான இருக்க," என்றான். கோபமாக இல்லை. சலித்துப்போன குரல்.

"லாக்லன், நான்தான். என்னப் பாரு."

அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் பூட்ஸை எடுத்தான். அவளுடையது. கிட்டியிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும். அதை அவளிடம் நீட்டினான். "இன்னொண்ணக் காணோம்," என்றான்.

அவள் பூட்ஸோடு சேர்த்து அவன் கையைப் பிடித்தாள். அவன் தன் மற்றக் கையால் அவள் மணிக்கட்டைத் தொட்டான், முழங்கையைத் தொட்டான், ஈரத் தலைமயிரை ஒரு கொத்து பிடித்து முகர்ந்து பார்த்தான். கொட்டில் புகை நாற்றம் அதில் இன்னும் போயிருக்காது. கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். அவன் பக்கத்தில் மண்டியிட்டு அழுதவள் எஃபி.

எல்லாம் முடிந்தது என்றுதான் ஃபெர்கஸ் நினைத்தார். ஏறுங்கள் போகலாம் என்றார். லாக்லன் எழுந்தான், தண்ணீர் விளிம்புவரை வந்தான், நின்றான். முகம் சாம்பல் நிறமாயிற்று. ஒரு காலைத் தூக்கினான். அது முன்னே போகவில்லை. உயிர்காப்புப் படகும் வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்கள் அவனோடு மெதுவாகப் பேசிப் பார்த்தார்கள், கம்பளி போர்த்தினார்கள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஹெலிகாப்டரை வரவழைக்கலாமா என்றும் கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கரையில் பின்னோக்கி நகர்ந்தான். காலையில் அத்தனை கடலையும் தாண்டி வந்த மனுஷன், பெண்டாட்டி உயிரோடு கிடைத்த பிறகு ஒரு சாண் தண்ணீரைத் தாண்ட முடியாமல் நின்றான். சுற்றி நின்றவர்களுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டொலீனா எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னாள். எஃபியை உயிர்காப்புப் படகில் ஏற்றினாள். பிறகு அவனோடு கல்லில் உட்கார்ந்தாள். அவர்கள் கொடுத்த டீயை அவன் வாயில் வைத்துக் குடிக்கவைத்தாள். நீர்வழி அடங்குகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் சாய்ந்தபோது கடல் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று.

"நான் ஓட்டுறேன்," என்றாள். "நீ கடலப் பாக்க வேணாம். கீழ படுத்துக்கோ. என் காலப் பிடிச்சுக்கோ."

நண்டுப் படகை மற்றவர்கள் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்த வெள்ளை விரிப்பை அவன் தலைமேல் போட்டு, குழந்தையை நடத்துவதுபோல் நடத்திக் கொண்டுபோய்ப் படகின் அடிப்பலகையில் குப்புறப் படுக்கவைத்தாள். எஞ்சினைப் பிடித்து உட்கார்ந்ததும் அவன் கை தடவித் தடவி வந்து அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. டன்னிஷ் வரும்வரை விடவில்லை. அந்த விரல்தடம் நீலமாகிப் பல நாள் கிடந்தது.

வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த சூப் பானைகளும் முட்டை சாண்ட்விச் தட்டுகளும் ஸ்கோன் ரொட்டிகளும் மேஜை நிறைய இருந்தன. சேதி முன்னாலேயே வந்துவிட்டது, ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. வாசலில் டொலீனா வந்து நின்றபோது அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. பக்கத்து வீட்டு மேரி-ஆன் மட்டும் வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள், வலிக்கிற மாதிரி. அப்புறம் திட்டினாள், அப்புறம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று எஃபி போதகரைக் கேட்டாள். அவர் காதுவரை சிவந்துபோய், நல்லதாகத்தான் பேசினேன் என்றார். கடைசியில் யாரோ சூப்பைச் சூடுபண்ணினார்கள். டொலீனா நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தாள்.

கிட்டியில் மிஞ்சியதை நண்டுக்காரர் இழுத்து வந்து கரையில் போட்டார். அவள் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் கத்தி கையிலேயே நின்றுவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அது கடந்து போகிறவரை பேச்சை நிறுத்துவார்கள். வேறு படகு வாங்குவாயா என்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னாள். உண்மையிலேயே தெரியவில்லை. அந்த வெறும் ட்ரெய்லரை லாக்லன் ஆட்டுத் தீவனம் ஏற்றப் பயன்படுத்தினான்.

அவன் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு குறைந்த மனுஷன், பேசுகிறபோது பேசட்டும் என்று அவளும் கேட்கவில்லை. குளிர்காலம் கழிந்து ஆடுகள் குட்டி போடுகிற பருவம் வந்தது. ஒரு காலை, கஞ்சியில் உப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவன், கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"நான் லிங்கேக்கு எப்படிப் போனேன்?"

அவள் முதலில் கேலி என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"படகுல. பக்கத்து வீட்டுப் படகுல."

"யாரு ஓட்டுனது?"

"நீதான். தனியா."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அலமாரியைத் திறந்து விரிப்பை எடுத்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் பாசியும் கல்லும் ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றான். அந்த நீர்வழியில் அன்றைக்குக் காலையில் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள்.

"இருக்காது," என்றான் லாக்லன். "அதுல நான் போயிருக்க மாட்டேன்."

அவள் எழுந்து அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஆட்டுப்பட்டிக்கு அப்பால் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கஞ்சி ஆறிப்போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.